சுவரோரத்துக் கீரை

சாப்பாட்டு டப்பாவை அவர் எடுத்த எடுப்பில் திறந்துவிட மாட்டார். முதலில் மூடியை ஒரு விரற்கடை மட்டும் தூக்குவார். தலையைச் சாய்த்து இடது நாசியை அந்த இடுக்கில் வைப்பார். வலது நாசி வெயிலுக்கும் மழைக்கும் அடைத்தே கிடக்கும், அதை நம்புவதற்கில்லை. சின்னதாக ஒரு மூச்சு. உடனே மூடியை அழுத்தி மூடிவிட்டு, இழுத்த மூச்சை உள்ளேயே வைத்துக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்ப்பார், கையெழுத்து பொருந்துகிறதா என்று யோசிக்கிற வங்கிக்காரர் மாதிரி. அப்புறம்தான் முழு மூடியும் திறக்கும். உள்ளே இருப்பது சொந்தத் தங்கச்சி சமைத்துக் கட்டிக்கொடுத்த சோறு. ஒன்பது வருஷமாக அதே கை, அதே அடுப்பு. ஆனாலும் மூக்கு கையெழுத்துப் போடாமல் ஒரு கவளம் உள்ளே போகாது.

பேருந்துப் பணிமனையில் அவர் ஸ்டோர் கீப்பர். கம்பிவலை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து போல்ட், வாஷர், கிரீஸ், பிரேக் ஆயில் எடுத்துக்கொடுக்கிற வேலை. 'மோப்பம்' என்று அவருக்குப் பெயர், காதுபடவே சொல்வார்கள். கேலிதான் என்றாலும் அதில் கொஞ்சம் மரியாதையும் உண்டு. கலப்பட ஆயிலை டின்னின் வாயருகே குனிந்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார். ஆயில் சப்ளை செய்கிறவர் இவர் லீவு போடுகிற நாள் பார்த்துத்தான் வண்டி அனுப்புகிறார் என்று ஒரு பேச்சு இருந்தது.

இப்படியொரு மூக்கை வைத்துக்கொண்டு பணிமனையில் காலம் தள்ளுவது லேசில்லை. பேருந்து என்பது அவரைப் பொறுத்தவரை, நாற்பது பேர் சேர்ந்து மூச்சுவிட்டு வைத்த தகரப் பெட்டி. காலையில் வந்து நிற்கிற வண்டியின் வெளிப்புறத்தில், ஜன்னலுக்குக் கீழே, யாரோ எடுத்த வாந்தி காய்ந்திருக்கும், வண்டி போன வேகத்துக்கு வால் நீட்டிக்கொண்டு. சீட்டின் தலைமாட்டில் நாற்பது தலைகளின் எண்ணெய் ஒரே வட்டமாகக் கறுத்திருக்கும். அதையெல்லாம் கழுவி விடுகிற தண்ணீர், கழுவுமேடையிலிருந்து சாம்பல் நிறத்தில் ஓடும். அந்தப் பக்கம் போக நேர்ந்தால் அவர் சுவரைத் தொடாமல், மூச்சையும் விடாமல் கடந்துவிடுவார்.

கல்யாணம் ஆகவில்லை. ஒருமுறை பேச்சு முடிகிற கட்டத்துக்கு வந்தது. அந்த வீட்டில் கொடுத்த தேநீர்க் கோப்பையில் முட்டை வாடை அடித்தது என்று வாயில் வைக்காமலே எழுந்து வந்துவிட்டார். நாற்பத்தெட்டு வயது வரை அந்தக் கோப்பை அவருக்கும் உலகத்துக்கும் நடுவே அப்படியே இருந்தது. ஓட்டல் ஆகாது, விருந்து ஆகாது. அம்மா போனபிறகு நான்கு மாதம் ரொட்டியும் வாழைப்பழமுமாக ஓட்டினார். வாழைப்பழத்துக்குத் தோல் இருக்கிறது, யார் கையும் படாது. கணவனை இழந்த தங்கச்சி வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகுதான் அவருக்குச் சோறு என்று ஒன்று கிடைத்தது. அதே பணிமனையில் அவளுக்கு சீட்டு உறை தைக்கிற வேலையையும் அவர்தான் சொல்லி வாங்கிக்கொடுத்தார்.

தங்கச்சியின் தையல் அறைக்குப் பக்கத்துக் கொட்டகையில், உடைந்த சீட்டுச் சட்டங்களை ஒட்டுகிற வெல்டர் இருந்தார். நெடுநெடுவென்று ஆள், அதிராத பேச்சு. அவர் சட்டத்தை ஒட்டி அனுப்புவார், இவள் உறை போடுவாள். அவருக்குப் பணிமனை வைத்த பெயர் 'ஆடு'. அதற்கான காரணத்தை ஸ்டோர் கீப்பர் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் தன் கண்ணாலேயே பார்த்தார்.

கழுவுமேடைக்கு எதிர்ச் சுவரோரம், சிமெண்டு வெடிப்பில் தரையோடு தரையாக ஒரு களை படர்ந்திருந்தது. சிவந்த தண்டு. குழந்தையின் சுண்டுவிரல் நுனி மாதிரி கொழுத்த சின்னச் சின்ன இலை. அதன்முன் ஆடு குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு நுனியாகக் கிள்ளி ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டிருந்தார். இது எதற்கு என்று கேட்டதற்கு, ராத்திரிச் சோற்றுக்கு என்று பதில் வந்தது. ஸ்டோர் கீப்பர் ஓரடி பின்வாங்கினார். நாய் காலைத் தூக்குகிற சுவர். பத்தடி தள்ளி வாந்தி கழுவின தண்ணீர்.

ஆடு அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. தண்ணீர் ஓடுவது அந்தப் பக்கச் சரிவில், இந்தப் பக்கம் மழைத்தண்ணி மட்டும்தான் என்று நிதானமாக விளக்கினார். அப்புறம் இரண்டு கொடிகளை எடுத்து இரு கையிலும் பிடித்தார். தூரத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன.

"பாருங்க சார், இத ஒடிச்சா தண்ணி மாதிரி கசியுது. இது பருப்புக்கீரை. இத ஒடிச்சா பால் வருது பாத்தீங்களா? இது ஆகாது. வாயில வச்சா வயித்தக் கலக்கிடும். ரெண்டும் பக்கத்துல பக்கத்துலதான் மொளைக்கும்."

ஒடித்த இடத்தில் ஒன்று வெள்ளையாகத் துளிர்த்தது, இன்னொன்று வழவழவென்று கசிந்தது. ஒன்று சீழ், இன்னொன்று சளி என்றுதான் ஸ்டோர் கீப்பர் கண்ணுக்குப் பட்டது. அவர் நகர்வதற்குள் ஆடு எழுந்து, கையிலிருந்த கொத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"கொஞ்சம் மோந்து பாத்துச் சொல்லுங்களேன்."

மேடையில் நின்ற துப்புரவாளர் குழாயை மூடிவிட்டுச் சிரித்தார். ஸ்டோர் கீப்பருக்கு முகம் சுண்டிவிட்டது. பட்டப்பெயரைக் காதுபடச் சொல்வது ஒன்று. முகத்துக்கு நேரே களையை நீட்டி மோந்து பார் என்பது வேறு. திரும்பிப் போய், கையில் எதுவும் படாதபோதும் இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவினார். அன்று டப்பாவைத் திறக்கவே இல்லை.

அதே வாரம் வெள்ளிக்கிழமை அவர் சாப்பிடும்போது தங்கச்சி பேச்சை எடுத்தாள். பாத்திரம் தேய்த்துக்கொண்டே, முதுகைக் காட்டிக்கொண்டு, தானும் வெல்டரும் பதிவுக் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்றிருப்பதாகச் சொன்னாள். வாயிலிருந்த சோற்றை அவரால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கடைசியில் தண்ணீர் குடித்துத் தள்ளினார்.

பிறகு பேச ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. சாக்கடையோரத்துக் களையைத் தின்கிற ஆள். அந்தக் கையால் தொட்ட பாத்திரம், அந்த வாய் வைத்த தம்ளர். இதையெல்லாம் யோசித்தாயா? நாற்பத்தோரு வயதில் இது தேவைதானா? அவள் தேய்த்துக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு நாளும் கிழிந்த சீட்டைப் பிரித்து, உள்ளேயிருந்து ஊறிப்போன பஞ்சையும், நகத்தையும், மென்று ஒட்டின மிட்டாயையும் வெறுங்கையால் எடுத்துப் போடுகிறவள் அவள். அருவருப்பைப் பற்றி அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கடைசியில், அவர் சொல்லாமல் விட்டதையும் அவளே எடுத்துச் சொன்னாள்.

"உனக்கு டப்பா தினமும் வரும்ண்ணா. நான் அங்கேருந்து கட்டி அனுப்புவேன்."

"அந்த வீட்டு அடுப்புலேருந்தா?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "ஞாயித்துக்கெழமை மதியம் அவர் நம்ம ரெண்டு பேரையும் சாப்பிடக் கூப்பிட்டிருக்காரு. ஒரு வேளை வந்து சாப்பிடு. சாப்பிட்டுட்டு அப்பவும் வேணாம்னா, நான் இந்தப் பேச்சையே விட்டுடறேன். பாக்காம மோக்காம எதையும் சொல்லாத."

அவள் சொன்னால் சொன்னதுதான். ஒரு வேளைச் சாப்பாடு, அப்புறம் ஒரே ஒரு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை வேண்டாம் என்றுவிட்டால் எல்லாம் பழையபடி இருக்கும் என்று அவர் படுத்துக்கொண்டே கணக்குப் போட்டார். தங்கச்சியின் முகம் எப்படி இருக்கும் என்பதை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ஸ்டோர் ஜன்னலில் கூட்டம். அன்றைக்குத்தான் என்ஜின் பாகங்கள் கழுவ மண்ணெண்ணெய் அளந்து ஊற்றியிருந்தார். அறை முழுக்க அந்த நெடி. வரிசையில் நின்று முன்னால் வந்த ஆடு, செய்தித்தாளில் சுற்றின ஒரு பொட்டலத்தை ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே நீட்டினார். பிரித்தால், அதே சிவப்புத் தண்டு, அதே கொழுத்த இலை.

"நாளைக்கு நீங்க வர்றீங்கல்ல சார், அதுக்குத்தான் பறிச்சேன். கொஞ்சம் மோந்து பாத்து நல்லா இருக்கான்னு சொன்னீங்கன்னா தைரியமாச் சமைப்பேன். உங்க மூக்கு மாதிரி வருமா?"

பின்னால் நின்ற மெக்கானிக்குகள் தோளில் தோள் இடித்துக்கொண்டார்கள். ஒருவர் தும்முகிற மாதிரி சிரித்தார். ஸ்டோர் கீப்பருக்கு இந்தக் காட்சி சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருந்தது. மூச்சை உள்ளே பிடித்துக்கொண்டு, பொட்டலத்தின்மேல் தலையைச் சாய்ப்பது போலச் சாய்த்தார். இடது நாசி இலைக்கு இரண்டு அங்குலத்தில் நின்றது. அதற்குள் ஒரு துளிக் காற்றுகூடப் போகவில்லை.

"நல்லாத்தான் இருக்கு," என்று பொட்டலத்தைத் தள்ளினார். முப்பது வருஷ உத்தியோகத்தில் மோந்து பார்க்காமல் அவர் கொடுத்த முதல் சான்றிதழ் அது.

ஆட்டின் வீடு ஒரு சைக்கிள் கடைக்கு மேலே, இரண்டு அறை. போகிற வழியெல்லாம் என்னென்ன அழுக்கைக் காண வேண்டியிருக்கும் என்று மனசில் பட்டியல் போட்டுக்கொண்டே ஸ்டோர் கீப்பர் படியேறினார். ஆனால் வீடு பளிச்சென்று இருந்தது. அது அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. குளியலறையில் மூன்று வகைச் சோப்பு. தரையில் ஊற்றியிருந்த பினாயில் நெடி, ஆஸ்பத்திரி வராந்தாவைத் தோற்கடித்தது. எதை மறைக்க இத்தனை கழுவுகிறான் இந்த ஆள்? குளிர்சாதனப் பெட்டி பாதி திறந்திருந்தபோது எட்டிப் பார்த்தார். மாவு, பால், நேற்றைய குழம்பு என்று ஒவ்வொரு கிண்ணத்திலும் காகிதம் ஒட்டி, தேதியும் மணியும் எழுதியிருந்தது. ஸ்டோரில் அவரே டின்களுக்கு ஒட்டுகிற சீட்டு மாதிரிதான். ஒரு குறைகூடச் சொல்ல முடியாமல் போகிறதே என்று அவருக்கு வாய் கசந்தது.

பேசிக்கொண்டிருக்கும்போதே சமையலறையிலிருந்து சோறு தீய்கிற வாடை வந்தது. ஸ்டோர் கீப்பர் காத்திருந்தார். அடுப்புக்கு நாலடி தூரத்தில், கதவையொட்டி உட்கார்ந்திருந்த ஆடு, சீட்டுச் சட்டம் எந்த மூலையில் முதலில் முறியும் என்று சாவகாசமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். தங்கச்சிதான் எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வந்து உட்கார்ந்தாள். இப்பவே இவளை வேலைக்காரி ஆக்கிவிட்டான் என்று அண்ணனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தட்டு வைத்தார்கள். சோறு, பருப்பு, அப்பளம். நடுவில் மூடிய சட்டியில் கீரை. முதல் தட்டு விருந்தாளிக்கு என்று ஸ்டோர் கீப்பருக்கு ஒரு கரண்டி வைத்து, தங்கச்சிக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று ஆடு பரிமாறினார். பூண்டு போட்டு வதக்கி, இலை கறுத்துக் குழைந்து, கரண்டியிலிருந்து இழை இழையாகத் தொங்கியது. மூக்குச் சிந்தின கைக்குட்டையைப் பிரித்த மாதிரி என்று ஸ்டோர் கீப்பருக்குத் தோன்றியது. அப்போது அந்த வாடை வந்தது.

பூண்டைத் தாண்டி, மிளகாயைத் தாண்டி, மெல்லிய கயிறு மாதிரி ஒரு நெடி. மண்ணெண்ணெய். சந்தேகமே இல்லை. அவர் நேற்று அளந்து ஊற்றின அதே மண்ணெண்ணெய். என்ஜின் பாகம் கழுவினபிறகு மிச்சத்தைக் கழிவு டிரம் வரை தூக்கிக்கொண்டு போகச் சோம்பல்பட்டு, துப்புரவாளர் வாளியிலிருந்தே கீரை முளைத்த அந்தச் சுவரில் வீசுவது அவருக்குத் தெரியும். எத்தனையோ தரம் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறார்.

தங்கச்சியின் கை சோற்றுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுவிட்டது. அவளுக்கும் வாடை எட்டியிருந்தது. அவள் ஆட்டைப் பார்க்கவில்லை, அண்ணனைப் பார்த்தாள்.

"அண்ணா, இத நீ மோந்து பாத்தியா?"

ஆடு சிரித்தார். "சார் பாத்து நல்லா இருக்குன்னு சொன்னப்புறம்தான் அடுப்புலயே வச்சேன்."

வேண்டாம் என்ற வார்த்தை ஸ்டோர் கீப்பரின் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது. விருந்துக்குக் கூப்பிட்டு மண்ணெண்ணெய் ஊற்றிப் பரிமாறினவன் என்று எழுந்துவிட்டால் கதை முடிந்தது. சட்டி சாட்சி சொல்லும். தன் வீடு, தன் டப்பா, எல்லாம் பழையபடி. ஆனால் தங்கச்சி பார்வையை எடுக்கவில்லை. பாக்காம மோக்காம எதையும் சொல்லாத என்று சொன்ன அதே முகம். அதற்குள் ஆடு முதல் கவளத்தை உள்ளே தள்ளி மென்று, ருசிக்கிற மாதிரி தலையை வேறு ஆட்டிக்கொண்டு, அடுத்ததைப் பிசைய ஆரம்பித்திருந்தார்.

ஸ்டோர் கீப்பரின் கை போய் அந்தத் தட்டின்மேல் விழுந்தது. பிசைந்த சோற்றின்மேல், பாதி தின்ற எச்சிலின்மேல், வெறும் உள்ளங்கை. விரல் இடுக்கில் கீரை வெதுவெதுப்பாகப் பிதுங்கியது. பிறந்ததிலிருந்து அவர் இன்னொருத்தர் எச்சிலைத் தொட்டதில்லை. முதுகுத்தண்டு வரை மயிர்க்கூச்செறிந்தது.

"சாப்பிடாதீங்க. மண்ணெண்ணெ. நேத்து நான் மோந்து பாக்கவே இல்ல. மூச்சப் புடிச்சுக்கிட்டு நல்லா இருக்குன்னு பொய் சொன்னேன்."

கீழே சைக்கிள் கடையில் யாரோ சக்கரத்தைச் சுற்றிவிடுகிற சத்தம் கேட்டது. ஆடு எழுந்துபோய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார். கோபப்படவில்லை. "சொன்னீங்களே, அது போதும் சார்," என்றார். சட்டியைத் தூக்கிக் குப்பையில் கவிழ்த்தார். ஸ்டோர் கீப்பர் அந்த மூன்று சோப்பையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கையைத் தேய்த்தார். அப்போதும் வழவழப்பு போகவில்லை என்றே இருந்தது.

திரும்பி வந்தபோது ஆடு மொட்டைமாடியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே தானாக முளைத்தது என்று, கையில் புதிதாக ஒரு கொத்து. தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு தண்டாக ஒடித்து, பால் வருகிறதா என்று பார்த்து ஒதுக்கினார். ஒன்றில் வந்தது, அதை ஜன்னலுக்கு வெளியே எறிந்தார். மிச்சத்தை எடுத்து, அதே மாதிரி, ஸ்டோர் கீப்பரின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

இந்த முறை அவர் மூச்சைப் பிடிக்கவில்லை. இடது நாசி. அப்புறம், எதற்கும் இருக்கட்டும் என்று வலதும். மழை விட்டபிறகு செங்கல்லில் எழும்புகிற வாசம், மேலாகக் கொஞ்சம் எலுமிச்சை, அடியில் பச்சை மீன் மாதிரி ஏதோ ஒன்று. கெடுதலாக எதுவும் இல்லை. நல்லது என்றும் சொல்வதற்கில்லை. அப்படியே சொன்னார்.

வெந்து தட்டுக்கு வந்தது. ஒரு கவளம் வாயில் போட்டார். புளிப்பாக இருந்தது, அது பரவாயில்லை. அந்த வழவழப்புதான். மெல்ல மெல்ல நழுவிக்கொண்டு போய், தொண்டையில் நத்தை மாதிரி நின்று, போவதா வருவதா என்று யோசித்தது. கண்ணில் நீர் முட்டியது. ஒரு தம்ளர் தண்ணீர் குடித்து அனுப்பினார். அடுத்த கவளத்துக்கு இன்னொரு தம்ளர். எதிரே ஆடு அதைக் கல்யாண விருந்து மாதிரி வழித்துக்கொண்டிருந்தார். தங்கச்சி சாப்பிடாமல் அண்ணனின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தட்டில் ஒரு இலை மிச்சம் வைக்கவில்லை. வைத்தால் அதுவும் ஒரு பதில் ஆகிவிடும் என்று அவருக்குத் தெரிந்தது.

படியிறங்கும்போது, என்ன முடிவு என்று தங்கச்சி கேட்டாள்.

"கீரை சகிக்கல," என்றார். நாலு படி இறங்கினபிறகு, "எனக்குக் கட்டற டப்பாவுல மட்டும் அது வரக்கூடாது, சொல்லிட்டேன்," என்றார். அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மேலும் ஒரு படி தாமதித்தால் வாந்தி வந்துவிடும் போலிருந்தது.

பதிவு முடிந்தது. டப்பா தினமும் வந்தது. ஸ்டோர் கீப்பர் வழக்கம்போல மூடியை விரற்கடை தூக்கிப் பார்த்தே திறந்தார். செவ்வாய்க்கிழமைகளில் ஜன்னல் இடுக்கு வழியாக ஒரு கொத்துக் கீரை உள்ளே வரும். மாப்பிள்ளைக்குத் தன்னைக் கேலி செய்வதில் அலுப்பே வரவில்லை போலும் என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு, ஆனால் ஒழுங்காக மோந்து பார்த்து, திருப்பி அனுப்புவார்.

நான்கு மாதம் கழித்துப் பணிமனையில் வருடாந்திர உடல் பரிசோதனை நடந்தது. வரிசையில் ஆட்டுக்குப் பின்னால் அவர் நின்றார். கண், காது எல்லாம் முடிந்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு கம்பவுண்டர் ஒரு சின்னப் புட்டியைத் திறந்து ஆட்டின் மூக்கடியில் பிடித்தார். கிராம்புத் தைலம். மூன்றடி தள்ளி நின்ற ஸ்டோர் கீப்பருக்கே மண்டைக்குள் ஏறியது. ஆடு கண்ணை மூடிக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தார்.

"மூடியத் தொறந்துட்டீங்களா?" என்று கேட்டார்.

"அந்த டீசல் டேங்குக்குள்ள எறங்கி வெல்டிங் வச்ச வருஷத்துலேருந்து இதையேதான் கேக்கறீங்க," என்றார் கம்பவுண்டர், அட்டையில் எழுதிக்கொண்டே. "பதினோரு வருஷம் ஆச்சு."